புதுப்பிப்பு: அந்த சூப்பர் ஹீரோ நாவலுக்கு ஒரு நட்சத்திரம் கூடுகிறது

ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனுக்கு வாங்கிய சூப்பர் ஹீரோ நாவலில் முதல் 40 பக்கம் நகரவே இல்லை, மூன்று நட்சத்திரம்தான் என்று போன வாரம் புலம்பியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன்.

நேற்று கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்குப் போனோம். ஊஞ்சல் பக்கமே போகாமல் மர நிழலில் உட்கார்ந்து மீதியை முடித்துவிட்டான். "மாமா, நீங்க சண்டையைத் தேடுனீங்க. சக்தி வந்ததை அவன் அம்மாகிட்ட மறைக்கிறதுதான் கதையே" என்றான். யோசித்தால், சரிதான்.

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவியும் அப்படித்தானே? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், அந்தக் கை மட்டும் வெளியே தெரியும். முழுசாக மறைந்துவிட்டால் நமக்கு என்ன படபடப்பு?

ஆனால் கடைசி அத்தியாயத்தில் வில்லன் தன் திட்டத்தை மூன்று பக்கம் விளக்குவது இன்னும் எனக்குக் கடுப்புதான். மருமகனும் அதைத் தாண்டிவிட்டானாம்!

நான்கு நட்சத்திரம். அப்புறம், இரண்டாம் பாகத்துக்கு இப்போதே நச்சரிக்கிறான். ஓசூர் போகும்போது தேட வேண்டும்.