கேடிலாக், கிரேலிங் பக்கம் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கேடிலாக் ஊருக்குப் போனால் முதலில் இரண்டு ஏரிகளையும் இணைக்கும் கால்வாயைப் பாருங்கள். மிட்செல் ஏரியையும் கேடிலாக் ஏரியையும் சேர்த்து 1873இல் வெட்டியது, நீளம் சுமார் அரைக் கிலோமீட்டர். அதற்கு முன் இருந்த ஓடை வளைந்து நெளிந்து போகும், வெட்டிய மரத்தடிகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோகத் தோதுப்படாது. கால்வாய் வந்தபின் மேற்கே வெட்டிய வெள்ளைப் பைன் தடிகள் நேராக மிதந்து, கிழக்குக் கரையில் ரயிலையொட்டி இருந்த அறுப்பு மில்களுக்குப் போயின. குளிர் தொடங்கும்போது முதலில் உறைவது இந்தக் கால்வாய்தான். ஏரிகள் உறைந்தபின் இது உருகித் திறந்துகொள்ளும். அதனால் பனிமேல் மீன் பிடிக்கப் போகிறவர்கள் கால்வாய் வாய்ப்பக்கம் நெருங்கவே கூடாது.

*

கால்வாயோடு, கேடிலாக் ஏரிக்கரைப் பூங்காவில் நிற்கும் ஷே எஞ்சினையும் பாருங்கள். காட்டிலிருந்து மரத்தடிகளை இழுத்த ரயில் எஞ்சின் அது. கேடிலாக்குக்கு வடக்கே ஹாரிங்கில் மரத்தொழில் செய்த எஃப்ரெய்ம் ஷே 1881இல் காப்புரிமை வாங்கியது. அவர் போட்டிருந்தது மரத் தண்டவாளம். குதிரை இழுத்த வண்டி இறக்கத்தில் குதிரைமேலேயே ஏறிவிடும், சாதாரண எஞ்சினோ பாதையை நொறுக்கிவிடும். அதற்கு ஷே கண்ட வழி, எடையைச் சின்னச் சின்னச் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுத்து எல்லாச் சக்கரத்தையும் கியரால் ஓட்டுவது.

நேர் முன்னால் நின்று பார்த்தால் பாய்லர் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பது தெரியும். சிலிண்டர்கள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கின்றன, அந்த எடைக்கு ஈடுகட்டத்தான் பாய்லரை இடப்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். வலப்பக்கம் குனிந்து பார்த்தால் நீளவாக்கில் ஓடும் தண்டும் ஒவ்வொரு சக்கரத்தின் பல்லும் கண்ணுக்கு எதிரே இருக்கும். போட்டோ எடுப்பவர்கள் பெரும்பாலும் இடப்பக்கம் நின்று எடுத்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள்.

*

ஷே எஞ்சினுக்கு முந்தியது, குதிரை பூட்டித் தடி இழுக்கும் ‘பெரிய சக்கரம்’ வண்டி. மனிஸ்டியில் சைலஸ் ஓவர்பேக் 1875 வாக்கில் செய்யத் தொடங்கினார். 9 முதல் 10 அடி உயரத்தில் இரண்டு சக்கரம், ஒரு அச்சு, நீண்ட ஏர்க்கால். அதுவரை தடி இழுப்பது, உறைந்த பாதையில் சறுக்குவண்டியில் செய்யும் குளிர்கால வேலை. இரவில் தண்ணீர்த் தொட்டிச் சறுக்குவண்டியை ஓட்டிப் பாதையில் நீர் விடுவார்கள், விடிவதற்குள் அது கண்ணாடிபோல உறைந்திருக்கும். இறக்கத்தில் மட்டும் வைக்கோலோ மணலோ தூவ வேண்டும், தவறினால் பாரம் குதிரைகளை அடித்துவிடும். பனி இல்லாத வருஷம் தடியெல்லாம் காட்டிலேயே கிடக்கும்.

பெரிய சக்கரம் வந்து கோடையிலும் இழுக்க வழி செய்தது. தடிகளுக்கு மேலே வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தி, ஏர்க்காலை மேலே தூக்குவார்கள். தடிகளுக்கு அடியில் சங்கிலி போட்டு அச்சோடு மாட்டுவார்கள். குதிரை ஏர்க்காலைக் கீழே இழுத்ததும் நெம்புகோல்போல முன்முனை எழும்பும், பின்முனை தரையில் உரசிக்கொண்டே வரும். இதற்கு பிரேக் கிடையாது, அதனால் சமதரையில்தான் நிம்மதியாக ஓடும். மேடுபள்ளத்துக்காகப் பின்னால் வந்ததுதான் நழுவும் ஏர்க்கால். இறக்கத்தில் குதிரை இழுப்பது தளர்ந்ததும் ஏர்க்கால் பின்வாங்கும், தடிகள் தரையில் இறங்கி அவையே பிரேக் ஆகிவிடும்.

*

பெரிய சக்கரத்தை நேரில் பார்க்க கிரேலிங் ஊருக்கு அருகே ஹார்ட்விக் பைன்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள், அங்கே மரவெட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட முக்கியம் அங்கு நிற்கும் மரங்கள். மரக் கம்பெனியின் பங்காளி ஒருவரின் மகளான கேரன் ஹார்ட்விக், போரில் உயிர்விட்ட கணவரின் நினைவாக, 1927இல் 8,000 ஏக்கருக்கு மேல் வாங்கி மாநிலத்துக்குக் கொடுத்தார். அதில் கோடாலி படாத பைன் தோப்பு 85 ஏக்கர். 1940 நவம்பர் புயலில் பாதிக்குக் கிட்ட விழுந்து, மிஞ்சியது 49 ஏக்கர்.

மரத்தை அடையாளம் காணக் கீழே கிடக்கும் ஊசியிலைக் கொத்தை எடுத்து எண்ணுங்கள். ஐந்து இருந்தால் வெள்ளைப் பைன். நீளமாக இரண்டு இருந்து, வளைத்தால் பட்டென்று ஒடிந்தால் சிவப்புப் பைன். குட்டையாக இரண்டு இருந்தால் ஜாக் பைன்.