ஷூட்டிங் கேமுக்கு எந்த மவுஸ் வாங்கலாம்?

நண்பர்களே, என் மவுஸில் ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுகிறது. சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடு தேய்ந்தால் இப்படி ஆகும். அதனால் இந்த முறை ஆப்டிகல் சுவிட்ச் உள்ளதாகத் தேடுகிறேன். அதில் ஒளியை வைத்துத்தான் கிளிக் பதிவாகும்.

விளையாடுவது வாலரண்ட். டிபிஐ, அதாவது மவுஸின் நகர்வு உணர்திறன், 800-க்கு மேல் நான் வைப்பதே இல்லை, ஆகவே 26,000 டிபிஐ என்று போட்டிருந்தாலும் எனக்குப் பயனில்லை. போலிங் ரேட் (மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பது) 1000 ஹெர்ட்ஸ் போதும். எடையும் வடிவமும்தான் குழப்புகின்றன. உள்ளங்கை முழுவதையும் பதித்துப் பிடிப்பவன் நான், கையும் பெரியது. 60 கிராம் அளவில் பெரிய கைக்கு ஒத்துவரும் மவுஸ் யாராவது வைத்திருக்கிறீர்களா?

அப்புறம், வயர்லெஸ். ப்ளூடூத் வேண்டாம், தாமதம் அதிகம். கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி ரிசீவரில் ஆடுபவர்கள் வயருக்கும் அதற்கும் வித்தியாசம் உணர்ந்தீர்களா? பேட்டரி எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள்.