பழைய ஆங்கிலம் காலை வாரிய கதை இருந்தால் சொல்லுங்கள்

பின்வரிசை:
கல்லூரி ஆண்டு விழா, ரோமியோ ஜூலியட், பால்கனி காட்சி. இயக்கம் நான்தான். ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’ வரும்போது நெற்றியில் கையை வைத்து, பஸ் வருகிறதா என்று பார்ப்பது மாதிரி இருட்டைத் துழாவச் சொல்லியிருந்தேன். ஜூனியர் பெண் ஒத்திகையிலேயே கேட்டாள், “அண்ணா, அவன் தோட்டத்தில் நிற்பதே இவளுக்குத் தெரியாதே, எதற்குத் தேடுகிறாள்?” சொன்னதைச் செய்மா என்றேன். நாடகம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ரிட்டயர்டு பேராசிரியர் அவளைத்தான் பிடித்தார். “எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை அம்மா, நீ ஏன் போயும் போயும் ரோமியோவாக இருக்கிறாய் என்று கேட்கிறாள்.” அடுத்த வரியே அப்பனை மறு, பெயரை விடு என்பதுதான். நானே என் கையால் எழுதிக் கொடுத்த வரி. அவள் என்னைக் கைகாட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

நைட் டியூட்டி:
நான் நர்ஸ், இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி பக்கம். வார்டில் ஒரு தாத்தா, பழைய சுரங்கத் தொழிலாளி, என்னை எப்போதும் ‘தா’ போட்டுத்தான் பேசுவார். யார்க்‌ஷயரில் பழைய ‘தௌ’ (thou) இப்படித்தான் மிச்சமிருக்கிறது. பைபிளில் கேட்ட சொல்லாச்சே, மரியாதையாகத்தான் இருக்கும் என்று பார்க்க வந்த அவர் மனைவியிடம் நானும் ‘தா’ போட்டேன். அந்த அம்மா பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டு, “உன்னையே ‘தா’ போட்டுக் கூப்பிட்டுப் பார், எப்படி இருக்கிறது என்று தெரியும்” என்றார். அங்கே அது பழமொழியாம். தாத்தா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

இலக்கணத் தாத்தா:
சிஸ்டர், மரியாதை என்று நினைத்ததுதான் தப்பு. ‘தௌ’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள், அவ்வளவுதான். 1603இல் வின்செஸ்டரில் கடலோடி வால்டர் ராலே மீது நடந்த ராஜத்துரோக வழக்கில், அரசுத் தரப்பு வக்கீல் எட்வர்ட் கோக் வேண்டுமென்றே ‘தௌ’ போட்டுத் திட்டினார், போடுகிறேன் என்று சொல்லியே போட்டார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கடவுள் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியைக்கூட ‘தௌ’ என்று அழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன், நாடகம் படிக்கும்போது பென்சிலை எடுத்து ஒவ்வொரு ‘தௌ’வுக்கும் மேலே ‘நீ’ என்று எழுதுங்கள், எங்கே ‘நீங்கள்’ ‘நீ’யாகிறதோ அங்கே ஒன்று கோபம் இருக்கும், இல்லையென்றால் காதல். என் கதையா? லண்டனில் ஒரு மதுக்கடை போர்டை ‘யீ ஓல்ட்’ என்று சத்தமாகப் படித்தேன். அது ‘யீ’ இல்லை, ‘த’ (the). அந்த ஒலிக்கான ‘தார்ன்’ என்ற பழைய எழுத்து அச்சில் இல்லாததால் ஒய்யைப் போட்டு ஒப்பேற்றினார்களாம்.

ஞாயிறு வகுப்பு:
ஐயா, “அவ்வளவுதான்” இல்லை. 1611 ஆங்கில பைபிளில் தேவனும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’. அங்கே கணக்கு ஒருமை பன்மை மட்டும்தான். லூக்கா 22, சாத்தான் புடைக்கக் கேட்டான் என்று இயேசு சீமோன் பேதுருவிடம் சொல்லும் இடம், இந்தக்கால ஆங்கிலத்தில் எல்லாமே ‘யூ’. அதை வைத்துச் சாத்தான் கேட்டது பேதுருவை மட்டும்தான் என்று அரைமணி நேரம் பேசிவிட்டேன். கடைசி பெஞ்சுப் பாட்டி எழுந்து வந்து, தமிழ் வேதாகமத்தை என் முன்னால் வைத்து, முதலில் ‘உங்களை’ மேல் விரலை வைத்தார், அப்புறம் அடுத்த வசனத்தில் ‘உனக்காக’ மேல். ஒன்றுமே பேசவில்லை. பழைய ஆங்கிலத்திலும் ‘யூ’, பிறகு ‘தீ’ (thee, ‘தௌ’வின் ‘உன்னை, உனக்கு’ வடிவம்) என்று அப்படியே பிரிந்து நிற்கிறது, வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

பின்வரிசை:
பென்சில் யோசனைக்கு நன்றி ஐயா, ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. அந்த ஜூனியர் இப்போது எங்கேயோ இங்கிலீஷ் டீச்சராம். நம்பர் கிடைத்துவிட்டது. மூன்று நாளாக டைப் செய்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.