வெனிஸ் முகமூடி: சமத்துவமா, கண்துடைப்பா?

கல்தச்சன்:
18-ஆம் நூற்றாண்டு வெனிஸில் முகமூடி திருவிழா வேஷம் மட்டுமல்ல, தெருவில் போட்டுக்கொண்டு போகும் உடை. அக்டோபரில் தொடங்கி, நடுவில் கிறிஸ்துமஸை ஒட்டிய சில நாள் நீங்கலாக, தவக்காலம் வரை அனுமதி. பௌட்டா என்றால் வெள்ளை முகமூடி, கறுப்புப் பட்டு முக்காடு, மேலங்கி, மும்முனைத் தொப்பி. வாய்ப்பக்கம் முன்னே விரிந்திருக்கும், கழற்றாமலே காபி குடிக்கலாம். உள்ளே இருப்பது பிரபுவா கடைக்காரரா என்று தெரியாது. எல்லோருக்கும் ஒரே வணக்கம், 'சியோரா மாஸ்கெரா', அதாவது 'முகமூடி அம்மணி'. பிறப்பை வைத்து ஆட்சி நடந்த ஊரில் இது சின்ன விஷயமா?

நூல்கண்டு:
படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1638-இல் அரசே திறந்த ரிதொத்தோ சூதாட்ட விடுதியைப் பாருங்கள். ஆட வருபவர்கள் முகமூடி போட வேண்டும். பணம் வைத்து ஆட்டத்தை நடத்தும் பிரபு மட்டும் அங்கியோடும் பொய்முடியோடும் முகம் காட்டி உட்கார்ந்திருப்பார். தோற்பவனுக்கு முகம் இல்லை, கல்லாவில் இருப்பவருக்கு முகமும் பதவியும் உண்டு. இதுதானா உங்கள் சமத்துவம்?

கல்தச்சன்:
அந்த மேசையில் இருந்தவர்களில் பலர் நொடித்துப்போன 'பர்னபோத்தி' பிரபுக்கள். பட்டம் இருந்தது, காசு இல்லை. அந்த ரிதொத்தோவையும் 1774-இல் மூடிவிட்டார்கள். அப்புறம், பெண்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? பௌட்டா போட்டதால்தானே பெண்கள் நாடக அரங்குக்கும் காபிக்கடைக்கும் தயங்காமல் போனார்கள்?

சாம்பல்பூனை:
பெண்கள் என்றதும் வந்துவிட்டேன். அதே ஊரில் மொரெத்தா என்று ஒரு கறுப்பு வட்ட முகமூடியும் இருந்தது. உள்பக்கம் ஒரு பொத்தான், அதைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும். போட்டிருக்கும் வரை பேச முடியாது! அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் உயர்குடிப் பெண்கள் போட்ட சொப்பீன் செருப்பு இன்னும் மோசம். சுமார் 50 செ.மீ. உயரமுள்ள ஜோடிகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரு பக்கமும் பணிப்பெண்களைப் பிடித்துக்கொண்டுதான் நடை. பெண் விடுதலைக்கு இந்த ஊரையா உதாரணம் காட்டுகிறீர்கள்?

கல்தச்சன்:
சொப்பீனை எதற்கு இழுக்கிறீர்கள்? அது ஆடம்பரம். அதை அடக்கத்தான் தனி அதிகாரிகளே இருந்தார்கள். 1562-இல் கோண்டோலா படகுகளின் அலங்காரத்துக்கும் தடை வந்தது. இன்றுவரை அவை கறுப்பாக இருப்பதை அந்தத் தடையோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். பணக்காரர்களையும் அடக்கிய அரசு அது.

நூல்கண்டு:
யாரை எப்படி அடக்கியது என்பதுதானே கேள்வி. பிரபுவுக்கு நகையைக் குறை என்று சட்டம், மீறினால் அபராதம், அதைக் கட்டிவிட்டு மறுநாளும் அணியலாம். யூதர்களை 1516-இல் கெட்டோ என்ற தனிக் குடியிருப்பில் அடைத்து இரவில் கதவைப் பூட்டினார்கள். பகலில் வெளியே வந்தால் நிறத்தொப்பி கட்டாயம், முதலில் மஞ்சள், பின்னாளில் சிவப்பு. உங்கள் பிரபு விளையாட்டாக முகத்தை மறைத்தார், இவர்கள் யாரென்று தொலைவிலேயே தெரிய வேண்டியிருந்தது. இரண்டையும் செய்தது ஒரே அரசுதான்.

கல்தச்சன்:
கெட்டோ கொடுமைதான், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ரோமிலும்தான் யூதர்களை அடைத்துவைத்தார்கள், அதற்கு இந்த பௌட்டா பழக்கமா காரணம்? அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

சாம்பல்பூனை:
முடிச்சை 'தங்கப் புத்தகத்தில்' தேடுங்கள். பிரபுக் குடும்பங்களின் பெயர்ப் பதிவேடு அது. துருக்கியரோடு கிரீட் தீவுக்காகப் போர் நடந்தபோது 1,00,000 டுகாட் (வெனிஸ் நாணயம்) கொட்டியவர்கள் அதில் இடம் வாங்கினார்கள். முகமூடி போட்டு யாராவது உள்ளே நுழைந்தார்களா, சொல்லுங்கள்.