அப்பா கேட்ட பாட்டு நமக்கு எப்ப ஒட்டுது? 40 தாண்டினவங்க கொஞ்சம் சொல்லுங்க

குவார்ட்டர்ஸ்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கிற விஷயம், வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க, அதான் இங்க கேக்குறேன்.

எனக்கு 42 வயசு. வளந்தது திருவெறும்பூர் பக்கம் குவார்ட்டர்ஸ்ல. அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா குளிச்சிட்டு, படுக்கறதுக்கு முன்னாடி பி.பி.ஸ்ரீனிவாஸ் கேசட்ட போடுவாரு, பக்கத்து வீட்டுக்குக் கூட கேக்காத மாதிரி சன்னமா. வருஷக்கணக்கா அதே ஒரு கேசட் தான். நான் அந்த நேரத்துல ஸ்கூலுக்கு கெளம்பிட்டு ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டு இருப்பேன். எனக்கு அந்தக் குரலே ஆகாது, தூங்குமூஞ்சி பாட்டுன்னு பேர் வச்சிருந்தேன். 92ல ரோஜா வந்தப்ப எனக்கு ஒன்பது வயசு, அதுக்கப்புறம் ரஹ்மான் தவிர வேற யாரும் மியூசிக் போடவே லாயக்கில்லன்னு சுத்தின ஆளு நான்.

இப்ப என்னன்னா, ஒரு ரெண்டு வருஷமா ராத்திரி கார்ல தனியா வரும்போது கை தானா பி.பி.எஸ் பாட்ட தேடுது. யாரும் சொல்லல, எந்த ரீல்ஸும் பாக்கல. அந்த கேசட்ல ஏ சைடு கடைசி பாட்டு பாதியிலயே டக்குனு நின்னுடும், டேப் முடிஞ்சிடும். போன மாசம் அதே பாட்ட போன்ல முழுசா கேட்டேன், கடைசி சரணம் வந்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு, யாரோ புதுசா எழுதி சேத்துவிட்ட மாதிரி. இன்னைக்கும் அந்த எடம் வந்தா காது அந்த டக்குக்கு காத்துட்டு இருக்கு.

சரி அப்பாவுக்கு சந்தோஷமா இருக்குமேன்னு ஊருக்குப் போனப்ப ஸ்பீக்கர்ல போட்டேன். அவரு நியூஸ் சேனல் பாத்துட்டு இருந்தாரு, சவுண்ட கம்மி பண்ணுடா ஒண்ணும் காதுல விழலங்கறாரு. பாட்டு கேக்கறதையே விட்டுட்டாராம், அம்மா சொன்னாங்க.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, இது உங்களுக்கும் நடந்துச்சா, இல்ல வயசானா எல்லாருக்கும் ஸ்லோ பாட்டு புடிக்க ஆரம்பிச்சிடுமா? ரெண்டாவது தான் முக்கியம், என் பொண்ணுக்கு 12 வயசு, எந்நேரமும் காதுல இயர்பட்ஸ், கொரியன் பாட்டு. நானும் கார்ல தனியா தான் கேக்கறேன், அவளும் தனியா தான் கேக்கறா. எங்க வீட்ல பாட்டுன்னு சத்தமா எதுவுமே ஓடறதில்ல. அவளுக்கு 40 வயசாகும்போது என்கிட்ட இருந்து ஒட்டறதுக்கு என்ன இருக்கும்?

மினிபஸ்_ரசிகன்

நண்பா தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இந்த அப்பா அம்மா தியரியே நம்பிக்கை இல்லீங்க. எங்கூட்ல ரேடியோவே கெடையாது, அப்பனுக்கு பாட்டுன்னாலே எரிச்சல், தறி சத்தம் போதாதான்னு கேப்பாரு. ஆனா எனக்கு ராஜா சார் பாட்டு அத்தனையும் பல்லவி சரணம் எடையில வர்ற மியூசிக்கோட மனப்பாடம். யாரு குடுத்ததுன்னு கேட்டீங்கன்னா பிரைவேட் பஸ் டிரைவர் தான். ராசிபுரத்துல இருந்து சேலத்துக்கு காலேஜ் போக வர மூணு வருசம், ஒவ்வொரு பஸ்சுக்கும் ஒரு டேஸ்ட் இருக்கும், 7.40 வண்டியில சோகப் பாட்டா ஓடும், 8 மணி வண்டியில டூயட்டு. நாங்க பாட்டுக்காக வண்டிய விட்டுட்டு அடுத்த வண்டிக்கு நின்ன நாளெல்லாம் உண்டு. டீக்கடை, கோயில் நோம்பின்னா பத்து நாளு கொழாய் ஸ்பீக்கர்ல எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு, இதுக்கெல்லாம் அப்பன் ஆத்தா தேவையில்லீங்க, ஊருதான் வளத்துச்சு.

உங்க பொண்ணுக்கும் ஒண்ணும் கெட்டுப் போகாது, ஸ்கூல் வேன்ல என்ன ஓடுதுன்னு மொதல்ல கேளுங்க.

மல்லிப்பூ_மதுரை

அண்ணே, நீங்க அப்பான்னு சொல்றீங்க, இங்க எல்லாருமே அப்பா கேட்ட பாட்டுன்னு தான் எழுதுவாங்க பாருங்க. ஏன்னா டேப் ரெக்கார்டர் அப்பா கையில தான் இருந்துச்சு. எங்க வீட்லயும் அப்படித்தேன், டூ இன் ஒன் மேல ஒரு துணி போத்தி, அத எடுக்கற உரிமை அப்பாக்கு மட்டும். சீர்காழி, டி.எம்.எஸ் முருகன் பாட்டு, செவ்வாய் வெள்ளி சூலமங்கலம் சகோதரிகள் கவசம். அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு நாங்க யாருமே கேட்டதில்ல, அவங்க அடுப்படியில என்னமோ முணுமுணுப்பாங்க, வார்த்தை இருக்காது, வெறும் ராகம் தான், குக்கர் விசில் வந்தா நிறுத்திட்டு அப்புறம் விட்ட இடத்துல இருந்தே எடுப்பாங்க.

நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப ரூம்மேட் ஒருத்தி நாக்பூர்க்காரி, அவ பழைய ஹிந்தி பாட்டு ஒண்ணு போட்டா, நான் கூடவே முணுமுணுக்கறேன். உனக்கு எப்படி இது தெரியும்னு கேக்கறா. எனக்கு ஹிந்தியே தெரியாது. அன்னைக்கு தான் உறைச்சது, இது எங்கம்மா அடுப்படி ராகம்.

லீவுக்கு வந்து கேட்டா அம்மா வெக்கப்பட்டுக்கிட்டே டிரங்கு பெட்டியில இருந்து ஒரு நோட்டு எடுத்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி, எழுபதுகள்ல, ரேடியோவுல கேட்டு கேட்டு ஹிந்தி பாட்டு முழுசும் தமிழ் எழுத்துல எழுதி வச்சிருக்காங்க. அர்த்தம் ஒரு வரி தெரியாது. காதுல சரியா விழாத இடத்துல புள்ளி வச்சு விட்டுருக்காங்க, அடுத்த தடவ கேக்கறப்ப வேற மையில அத நிரப்பி இருக்காங்க. ஒரு பாட்டுல மூணு கலர் மை. எங்கப்பாவுக்கு அந்த நோட்டு இருக்கறதே தெரியாதாம்.

இப்ப நான் கேக்கறது பாதிக்கு மேல லதா, கிஷோர் தான். அதனால உங்க பொண்ணு உங்ககிட்ட இருந்து எதை எடுப்பான்னு நீங்க முடிவு பண்ண முடியாது, உங்க வீட்டம்மா சமைக்கறப்ப என்ன முணுமுணுக்கறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களாண்ணே?

ராப்பகல்

இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. கார்னெல் யுனிவர்சிட்டியில கேரல் க்ரம்ஹான்சல்னு ஒரு உளவியல் பேராசிரியர், 2013ல பேப்பர் வந்துச்சு. 1955ல இருந்து 2009 வரைக்கும் அமெரிக்காவுல ஒவ்வொரு வருஷமும் டாப் ஹிட்டான பாட்டுகள எடுத்து 20 வயசு காலேஜ் பசங்களுக்கு போட்டுக் காட்டி, தெரியுமா பிடிக்குமா, ஏதாவது ஞாபகம் வருதான்னு கேட்டாங்க. அவங்க காலத்து பாட்டுக்கு மார்க் ஜாஸ்தி, அது எதிர்பாத்தது தான். ஆனா கிராஃப் பின்னாடி போகப் போக இறங்கிட்டே வராம 80களோட ஆரம்பத்துல திரும்ப ஒரு மேடு. அதாவது அந்தப் பசங்களோட அப்பா அம்மா இள வயசுல இருந்த காலம். அதுக்கும் பின்னாடி 60கள்ல இன்னொரு மேடு, அது தாத்தா பாட்டி வழியா வந்ததா, இல்ல அந்தக் காலத்து பாட்டே அவ்ளோ நல்லா இருந்ததான்னு அவங்களே ரெண்டு பக்கமும் சொல்றாங்க.

இதுல எனக்கு பிடிச்ச பாயிண்ட், பசங்களுக்கு 20 வயசுலயே அந்த மேடு இருக்கு. 40 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. சோ குவார்ட்டர்ஸ் ப்ரோ, உங்களுக்கு 20லயே பி.பி.எஸ் உள்ள இருந்திருக்காரு, வெளிய ஒத்துக்கத்தான் இருபது வருஷம் ஆகிருக்கு.

மினிபஸ் சொல்றதும் ஒரு வகையில சரி, நம்ம ஊர்ல இந்த டெஸ்ட் வச்சா ரிசல்ட் குழம்பிடும். வீடு, பஸ், கல்யாண மண்டபம், கோயில்னு எல்லா இடத்துலயும் ஓடறப்ப எது அப்பா குடுத்தது எது டிரைவர் குடுத்ததுன்னு எப்படி பிரிப்பீங்க? ஆனா மினிபஸ்சுக்கு ஒரு கேள்வி, அந்த டிரைவருக்கு அப்ப 35, 40 வயசு இருந்திருக்கும்ல? உங்கப்பா வயசுக்காரர் தானே?

மினிபஸ்_ரசிகன்

அட ஆமாங்க 😅 சரி விடுங்க அரை மார்க் குடுத்துட்டேன்.

கொக்குவில்_குமரன்

வாசிச்சுக்கொண்டு போகேக்க எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. எங்கட வீட்டுக் கதை கொஞ்சம் வேற.

90க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. பாட்டுக் கேக்கிறதெண்டால் சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுத்து, ஒராள் கையால பெடலைச் சுத்தோணும். அந்த ஒராள் நான் தான். அப்பா ஏழு மணி செய்தி கேட்டு முடிய, சரி இப்ப ஒரு பாட்டு எண்டு கசெட்டைப் போடுவார். அவருக்கு ஏ.எம்.ராஜா எண்டால் உயிர். எனக்குக் கை நோகும், நான் மெதுவாச் சுத்த ராஜா இழுபட்டு ஆழக் கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி வரும். தம்பி, ராஜாவைக் கொல்லாதை எண்டு அப்பா சத்தம் போடுவார். நான் கோவத்தில விசுக்கு விசுக்கெண்டு சுத்த, குரல் பெண்பிள்ளை மாதிரி கீச்செண்டு போகும், தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஏ.எம்.ராஜா உண்மையில எந்த வேகத்தில பாடினவர் எண்டு நான் கொழும்புக்கு வந்த பிறகு தான் கண்டுபிடிச்சனான். பகிடிக்குச் சொல்லேல்லை.

இப்ப கார்ல அந்தப் பாட்டு வந்தால் வலது கை தோள்மூட்டில ஒரு உளைவு. பாட்டு பிடிச்சதோ பிடிக்கேல்லையோ எண்டு எனக்கே தெரியாது, ஆனால் மாத்த மனம் வராது. என்ர மகனுக்கு 15 வயசு, அவனுக்கு ராப் தான் எல்லாம். ஆனால் போன விண்டர்ல ஸ்னோ அள்ளேக்க சவளால கொத்திக் கொத்தி அந்த மெட்டை விசிலடிக்கிறான். இது ஆற்ற பாட்டு எண்டு கேட்டன். தெரியாது, நீங்கள் கார்ல போடுறது, ஒரே போர் எண்டு சொல்லிப் போட்டுத் திரும்ப விசிலடிக்கிறான். நீங்கள் செய்யவேண்டியது ஒண்டு தான், அந்த இயர்பட்ஸைக் கழட்டிப் போட்டு, அவள் இருக்கிற இடத்தில போட்டுக் கேளுங்கோ. அவளுக்கெண்டு போடாதீங்கோ, உங்களுக்கெண்டு போடுங்கோ.

நெல்லை_ரெக்கார்டிங்

அந்த பாதியில அறுந்த பாட்டு மேட்டருக்கு நான் பதில் சொல்லுதேன். எங்க மாமா பாளையங்கோட்டையில ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தாவ, பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் நான் அங்கதான் கெடப்பேன். 60 கேசட்னா ஒரு சைடு அரை மணி நேரம். பழைய பாட்டுன்னா ஒரு சைடுக்கு எட்டு வைக்கலாம், இளையராஜா பாட்டுன்னா ஆறு, மிஞ்சிப்போனா ஏழு. எப்படியும் கடைசியில ரெண்டு நிமிசம் மிஞ்சும். அத சும்மா விட்டா கஸ்டமர் சண்டைக்கு வந்துருவாரு, காசு குடுத்த கேசட்ல காலி எடமான்னு. அதனால அடுத்த பாட்ட ஆரம்பிச்சு விட்டுருவாவ, டேப் தீந்த எடத்துல அது நிக்கும். சில பேரு விவரமா அதே பாட்ட பி சைடுல முதல்ல இருந்து திரும்ப கேப்பாவ. உங்கப்பா கேக்கல போலிருக்கு.

லிஸ்ட்டு எல்லாம் நோட்டுல இருந்து கிழிச்ச பேப்பர்ல வரும், மாமா அத கம்பியில குத்தி வைப்பாவ. அப்பன் லிஸ்ட்டுல விஸ்வநாதன் ராமமூர்த்தி, கே.வி.மகாதேவன், நாகூர் ஹனிபா. பத்து வருசம் கழிச்சு அதே வீட்டுப் பையன் வருவான், முழுக்க ரஹ்மான். ஆனா அவனுக்கும் ரெண்டு நிமிசம் மிஞ்சும்லா, மிச்சத்துக்கு என்ன போடணும்னு மாமா கேட்டா, கொஞ்சம் முழிச்சிட்டு மெதுவா அப்பன் பாட்டு ஒண்ணச் சொல்லுவான். எல்லாரும் இல்ல. ஆனா மாமா எங்கிட்ட கண்ணக் காமிச்சு சிரிக்கிற அளவுக்கு நெறைய பேரு.

ஆமா, அந்த கேசட் இன்னும் இருக்கா?

குவார்ட்டர்ஸ்_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. குமரன் அண்ணா, ராஜாவைக் கொல்லாதை, இத படிச்சிட்டு ஆபீஸ்ல தனியா சிரிச்சேன். மல்லிப்பூ, நீங்க சொன்னதுக்கப்புறம் நேத்து அடுப்படி பக்கம் போய் நின்னேன், என்ன வேணும்னு கேட்டு தேங்காய் துருவ விட்டுட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் துருவிப் பாக்கறேன்.

நெல்லை, கேசட் இருக்கு. பரண்ல பிஸ்கட் டப்பாவுக்குள்ள கெடந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன். கேசட்டோட சின்ன ஜன்னல் வழியா பாத்தா டேப் ஓரத்துல வெள்ளையா ஏதோ இருக்கு. பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட ஒரு பிளேயர் இருக்கு, இன்னைக்கு போடட்டுமா?

நெல்லை_ரெக்கார்டிங்

போட்டுறாதீங்க! அது பூசணம். அப்படியே போட்டா ஹெட்டுல ஒட்டி டேப்பையும் இழுத்துரும், தாத்தா பிளேயரும் போச்சு. முதல்ல நல்லா காய்ஞ்ச எடத்துல ஒரு நாள் வைங்க, அப்புறம் பென்சில வுட்டு கையாலயே கடைசி வரைக்கும் சுத்தி திரும்ப சுத்துங்க, சுத்தும்போதே மெல்லிசு துணியால தொட்டும் தொடாமலும் பூசணத்த எடுங்க, மூக்குல துணி கட்டிக்கிடுங்க. டேப்புக்குப் பின்னால ஒரு தகட்டுல சின்ன பஞ்சு ஒட்டி இருக்கும், அது இருக்கா பாருங்க. பழைய கேசட்ல முதல்ல போறது அதான், அது இல்லன்னா சத்தம் அமுங்கிப் போவும்.

குவார்ட்டர்ஸ்_பையன்

பஞ்சு இல்ல, வெறும் தகடு தான் தெரியுது. கேசட்ல ஸ்க்ரூவும் இல்ல, ஒட்டின டைப்.

நெல்லை_ரெக்கார்டிங்

ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஸ்க்ரூ போட்ட வேற பழைய கேசட் ஒண்ணு தேடுங்க, பஞ்சு நல்லா இருக்கணும். உங்கப்பா கேசட்ட ஓரமா பிளேடு வச்சு பிளந்து ரெண்டு சக்கரத்தையும் டேப்போட அப்படியே தூக்கி இதுக்குள்ள மாத்திரலாம். எந்த பக்கம் ஏ சைடுன்னு முன்னாடியே போட்டோ எடுத்துக்கிடுங்க. ரெண்டு கை பத்தாது, பொண்ண ஒரு பக்கம் சக்கரத்த பிடிச்சுக்கிட சொல்லுங்க.

குவார்ட்டர்ஸ்_பையன்

ஞாயித்துக்கெழம பண்றோம். கேசட்ட காட்டினேன், இதுக்குள்ள எத்தன ஜிபி புடிக்கும்னு கேக்கறா.