'லேக்' நிறமிக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஓவியப் பாதுகாப்பு பற்றிய பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நிறமி, சாயம், பிணைப்பான் எல்லாம் சிக்கலின்றி வந்துவிட்டன. 'லேக்'கில் வந்து நிற்கிறேன். கரையும் சாயத்தைப் படிகாரக் கரைசலில் கலந்து காரம் சேர்த்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும். சாயம் அதைப் பற்றிக்கொண்டு அடியில் தங்கும். வடித்து, உலர்த்தி, அரைத்தால் எண்ணெயில் குழைக்கத்தக்க நிறமி கிடைக்கும். மஞ்சிட்டி லேக், கார்மைன் லேக் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரு மொழிபெயர்ப்பில் 'ஏரிச் சிவப்பு' என்றே பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் படியைக் கொடுத்தாக வேண்டும்.

-----

> ஒரு மொழிபெயர்ப்பில் 'ஏரிச் சிவப்பு' என்றே

அது ஏரியே அல்ல ஐயா, அரக்கு! அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் செஞ்சாயத்துக்கு வழங்கிய பெயர் மேற்கே போய் இலத்தீனில் 'லாக்கா' ஆகி, அதே முறையில் செய்த மற்ற நிறமிகளுக்கும் பரவியது. போன சொல்லை நாமே திரும்ப அழைத்துக்கொள்ளலாம்: அரக்கு நிறமி. செம்மண் பெருவழிக்கு அகநானூறு 14ஆம் பாட்டு காட்டும் உவமையும் அரக்குதான். 'அர்' என்பது செம்மையைக் குறிக்கும் வேர். அரக்கும் அரத்தமும் அதில் கிளைத்தவையே.

-----

ஐயா, அரத்தம் 'ரக்த'த்தின் திரிபு. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் ராஜன் அரசனானது போல 'ராக்ஷா' அரக்கானது. இதை முன்பும் இங்கே பேசியிருக்கிறோம்.

வேர் எதுவானாலும், அரக்கு என்றதும் மாணவர் மனத்தில் வருவது முத்திரை அரக்குதான். அதைவிடப் பெரிய இடர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. லாக்காயிக் அமிலம் இருந்தால் அரக்குச் சாயம், கார்மினிக் அமிலம் இருந்தால் கொச்சினீல் போன்ற பூச்சிச் சாயம் என்று பிரித்தறிவதே அங்கே வேலை. 'இந்த அரக்கு நிறமியில் அரக்கு இல்லை' என்று அறிக்கை எழுத முடியுமா?

நான் முன்வைப்பது சாயநிறமி. எக்ஸ்கதிர் ஒளிர்வு ஆய்வில் பாதரசம் தெரிந்தால் அந்தச் சிவப்பைச் சாதிலிங்கம் என்று கருதலாம். லேக் என்றால் பெரும்பாலும் அடிப்பொருளின் அலுமினியம்தான் மங்கலாகத் தெரியும். நிறம் தருவது கரிமச் சேர்மம், அது ஒளியில் வெளுத்துப்போகும். தன் படுக்கையறைச் சுவர்கள் வெளிர் ஊதா என்று வான் கோ கடிதத்தில் எழுதினார். ஓவியத்தில் இன்று அவை நீலம். சிவப்பு லேக் போய்விட்டது, நீலம் தங்கிவிட்டது. ரெனுவார் 1883இல் தீட்டிய கிளாப்பிசோன் சீமாட்டி ஓவியத்திலும் பின்புலத்துச் செம்மை, சட்டம் மறைத்திருந்த விளிம்பில்தான் பிழைத்திருந்தது. இதில் இருப்பது சாயம் என்று பெயரைக் கேட்டவுடனே தெரியவேண்டும்.

-----

> நான் முன்வைப்பது சாயநிறமி

கரைவது சாயம், கரையாதது நிறமி என்று முதல் பாடத்தில் சொல்லிவிட்டு மூன்றாம் பாடத்தில் இரண்டையும் ஒட்டவைப்பது முறையா? நன்னூல் வழியே வருவோம். ஊரால் உண்ணப்படுவது ஊருணி. இகர விகுதி செயப்படுபொருளிலும் வரும். அப்படியே சாயம் ஏற்றப்பட்டது சாயமேற்றி என்றால் இலக்கணமும் பொருளும் பொருந்தும்.

-----

சாயமேற்றி என்றால் துணிக்குச் சாயம் ஏற்றும் கருவி என்றே எனக்குப் படுகிறது. மண்வெட்டியும் இகர விகுதிதானே! ஆக்சிஜனை ஏற்ற நாக்கு லேக்கை ஏற்காதா? மாணவர் நாளை வேற்றுமொழிக் கட்டுரையைத் திறந்தால் அங்கே லேக்தான் இருக்கும்.

-----

எல்லாருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சாயநிறமிக்கே ஆதரவு கூடுதல். அதையே வைத்து, முதல் முறை வருமிடத்தில் லேக் என்று அடிக்குறிப்பும் தருகிறேன்.

-----

அச்சுக்குப் போகுமுன் ஒன்று கேட்கிறேன். அவுரி நீலத்தை எங்கே வைப்பீர்கள்? துணிக்கு அது சாயம். ஆனால் நீலமாக இருக்கும்போது நீரில் கரையாது. அதனால் எந்த அடிப்பொருளிலும் ஏற்றாமல் அப்படியே அரைத்து ஓவியத்தில் தீட்டியிருக்கிறார்கள். அதைவிடப் பொருத்தமான சாயநிறமி உண்டா? ஆனால் அது லேக் அல்ல. சாயமேற்றி என்றால், ஏற்றுவதற்கு ஒரு அடிப்பொருள் வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. என் வாக்கை மாற்றவில்லை.