பீடிப் பாஸ் புத்தகம் வகுப்புக்கு வந்த வெள்ளிக்கிழமை

வணிகவியல் ஆசிரியர், முக்கூடல் பக்கம்:

18 வருடமாக பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வணிகவியல் எடுக்கிறேன். காசோலை, கீறலிடுதல், மேலெழுதுதல் எல்லாம் பிள்ளைகள் அச்சுப் பிசகாமல் எழுதுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், அப்படி எழுதி நல்ல மதிப்பெண் வாங்குகிற ஒரு மாணவி வங்கியில் பணம் எடுக்கப் போய், எடுக்காமல் திரும்பி வந்துவிட்டாள். பணம் எடுக்கும் சீட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி என்ற இடத்தில் தன் பிறந்த தேதியை எழுதியிருந்தாள். அதுவரை அவள் நிரப்பிய படிவங்களில் எல்லாம் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நான் ஒருநாளும் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னதில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, ஆளுக்கொரு காகிதம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மின்வாரிய அட்டை, மாத்திரை அட்டை, ரேஷன் கடை ரசீது எல்லாம் வந்தன. ஆதார் எண், கணக்கு எண் மேல் துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கடன் நோட்டீஸ் மாதிரி ஏதாவது இருந்தால் என்னிடம் தனியாகக் காட்டலாம். இதில் கவனமாக இருங்கள். ஒரு பிள்ளை ஒருதடவை கூச்சப்பட்டுவிட்டால் அப்புறம் எதையும் கொண்டுவராது.

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பீடி சுற்றுகிற அம்மாக்கள். ஒருத்தி தன் அம்மாவின் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஓரம் நைந்து, இலைக் கறை ஏறியிருந்தது. இலை இவ்வளவு, தூள் இவ்வளவு, கடையில் கொடுத்த பீடி எத்தனை ஆயிரம், கூலி, பி.எஃப். பிடித்தம் என்று ஒவ்வொரு கட்டமாக வாசிக்கச் சொன்னேன். உள்ளே மடித்து வைத்திருந்த பி.எஃப். கணக்குத் தாளையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "சார், எங்கம்மைக்கு வருசம் தப்பாப் போட்டிருக்காவ!" என்றாள். பிறந்த வருடம் நான்கு தள்ளி இருந்தது. பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 58 வயதுதான் கணக்கு. வருடம் பொருந்தாவிட்டால் கடைசிக் காலத்தில் அந்த அம்மாதான் அலைய வேண்டும். வருடத்தைத் திருத்த, தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவத்தை அம்மாவுக்காக அவளே நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

கணித ஆசிரியை, சேரன்மகாதேவி:

சார், நீங்கள் முன்பு சொன்னதைக் கேட்டுத்தான் நானும் சிட்டா கொண்டுவரச் சொன்னேன். ஒரு பையன் முகம் வாடி வந்தான். வயல் ஐம்பது சென்ட் என்று தாத்தா இருந்தவரை சொல்வாராம். சிட்டாவில் நன்செய்க்கு நேரே 0 - 20.50 என்று இருக்கிறது. முப்பது சென்ட்டைச் சித்தப்பா எழுதி வாங்கிவிட்டார் என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. அந்தக் கட்டத்தின் தலைப்பை யாருமே வாசிக்கவில்லை. ஹெக்டேர் - ஏர் என்று போட்டிருக்கிறது. ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். பெருக்கிப் பாரப்பா என்றேன். பலகையில் 50.6 வந்ததும் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். சாயங்காலம் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனானாம்.

இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவர், பாளையங்கோட்டை:

பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது சொந்தப் பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒன்றில் இனிஷியலை முன்னால் போடுகிறார்கள், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரையே விரித்து எழுதிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதப் பழக்குங்கள். அந்தச் சான்றிதழ் அச்சாகும் முன்னால் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவீர்கள் அல்லவா, அன்றைக்கு மட்டும் பத்து நிமிடம் கூடக் கொடுங்கள். அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிறகு எங்களிடம் வந்து நிற்கிறார்கள். அப்புறம், ஓ.டி.பி. வெளிநாட்டில் இருக்கிற மாமாவின் போனுக்குப் போய், விண்ணப்பத்தின் கடைசி நாள் கைவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். யாருடைய நம்பரைக் கொடுக்கிறோம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

வணிகவியல் ஆசிரியர், முக்கூடல் பக்கம்:

பெயர்ப்பட்டியல் விஷயத்தை இன்றைக்கே பத்தாம் வகுப்பு ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளி ஒரு பையன் கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் ரசீது கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். மொத்த எடை, நிகர எடை, தவணைத் தேதி மூன்றையும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சங்கத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், வேறு எந்தக் கட்டத்தை மக்கள் வாசிக்காமல் விடுகிறார்கள் என்று எழுதுங்கள். வியாழனுக்குள் தெரிந்தால் நல்லது.